நெல்லை விற்காத உத்தரவாதம் அண்ணை

தென்மராட்சியிலேயே ஒருவரையும் நம்பாத மனிதர் எங்கள் உத்தரவாதம் அண்ணைதான். தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். சாவகச்சேரி பஸ்ஸில் ஏறினால் சீற்றில் இருக்க முன்னரே சாரதியிடம் கேட்பார்: "தம்பி, பிறேக் பிடிக்கும் எண்டதுக்கு என்ன உத்தரவாதம்?" மகளைப் பெண் பார்க்க வந்த பையனிடமும் ஏதோ உத்தரவாதம் கேட்டார். பையன் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

நெல் விடயத்தில் மட்டும் அவர் கேட்டது நியாயம். அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவிக்கும்போது, நாங்கள் வயலில் அரிவி வெட்டி, கடன்காரருக்குப் பயந்து கிடைத்த விலைக்கு விற்று முடித்திருப்போம். போன போகமும் அப்படித்தான். வெளியூர் வியாபாரி ஒருவர் லொறியோடு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. காசுக்குப் பதிலாக, ஒரு மாதம் தள்ளித் திகதி போட்ட செக். நானும் ஊராரும் மூட்டைகளை ஏற்றிவிட்டோம்.

அண்ணை மட்டும் லொறிக்கு முன்னால் போய் நின்றார்.

"செக் திரும்பினால் ஆர் பொறுப்பு?"

"என்ரை முகத்தைப் பாருங்கோ அண்ணை."

"முகத்தை வங்கியிலை மாத்தேலாது தம்பி."

செக் திரும்பியது. வியாபாரியின் போன் வேலை செய்யவில்லை. பொலிசில் "கோட்டுக்குப் போங்கோ" என்றார்கள். விவசாயக் கந்தோரில், "உவர் எங்களிட்டைப் பதிஞ்ச ஆள் இல்லை. பதியாத ஆளை நாங்கள் கேக்கேலாது" என்றார்கள். பதியாமல் இருப்பதுதான் வசதி என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அண்ணை தப்பிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உத்தரவாத விலைக்கு நெல் வாங்கும் அரசாங்கக் களஞ்சியம் திறக்கும்வரை மூட்டைகளை விறாந்தையிலும் சாமியறையிலும் அடுக்கி, அவற்றின் மேலேயே படுத்தார். மனைவி சுவரோடு ஒட்டி நடந்துதான் சமைக்கக் குசினிக்குப் போகவேண்டும். ஒருவழியாகக் களஞ்சியம் திறந்தது. நெல்லில் ஈரப்பதம் கூடிப்போச்சு என்று அதிகாரி திருப்பிவிட்டார். அண்ணை றோட்டில் பரவிக் காயவைத்து மறுபடி கொண்டுபோனார்.

"அண்ணை, நெல் வாங்க ஒதுக்கின காசு முடிஞ்சுது" என்றார் அதிகாரி.

திரும்பி வரும் வழியில் பருவம் தப்பிய மழை கொட்டியது. சில நாட்களில் சாக்குக்குள்ளேயே நெல் முளைவிட்டது. நம்பிக் கொடுத்த எங்களுக்குக் காசு இல்லை. நம்பாமல் வைத்திருந்த அவருக்கு நெல் இல்லை. ஆறுதல் சொல்லப் போனேன். அண்ணை அவிழ்த்த மூட்டையைப் பார்த்தபடி, "மாட்டுக்குப் போடு" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

பிறகு வியாபாரியைத் தேடிப்பிடித்து வழக்குப் போட்டோம். கோட்டில் தவணைக்கு மேல் தவணை போட்டார்கள். வியாபாரிக்குச் சுகமில்லை என்று சொல்ல ஒரு சட்டத்தரணி மட்டும் வருவார். ஊரில் பாதிப்பேர் போவதை விட்டுவிட்டார்கள். காசு கிடைக்கும் என்ற எண்ணம் எனக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு அண்ணை என் வீட்டுப் படலையில் வந்து நிற்பார்.

"வெளிக்கிடு தம்பி. ஆக்கள் குறைஞ்சால் உவங்கள் கேஸைத் தூக்கி எறிஞ்சுபோடுவாங்கள்."

கோட்டு வாசலில் எனக்கு வடை வாங்கித் தருவார். என் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்திலேயே இருப்பார்.

அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவருக்கு அங்கே வழக்கே இல்லை.