வெப்பாலைக்குக் கட்டிய மஞ்சள் துணி

எங்கள் ஊரில் நல்லது செய்யக் கிளம்பும் ஆளிடம் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், மஞ்சள் துணியை மட்டும் கொடுக்கக் கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

திருவண்ணாமலை மலையடிவாரத்தில் நாட்டு மரங்களை மீட்கும் குழுவில் சேர்ந்த புதிது. உசிலை, ஆச்சா, வெப்பாலை என்று பெயர் சொல்லத் தெரிந்ததுமே பாதிக் காட்டை வளர்த்துவிட்ட மிதப்பு எனக்கு. (கத்தரிச் செடியைத் தக்காளி என்று சொல்லி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதை ஓரத்தில் என் பொறுப்பில் விட்ட கன்றுகளை ஆடுகள் ரசித்துச் சாப்பிட்டன. மிஞ்சியது ஒரே ஒரு வெப்பாலை. அதுவும் போனால் குழுவில் தலைகாட்ட முடியாது. அதைவிட, முழங்கால் உயரம் வளர்ந்திருந்த அந்தச் செடிமேல் எனக்கு நிஜமாகவே பாசம் வந்திருந்தது.

பௌர்ணமி வந்தது. கூட்டம் மிதித்துவிடுமே என்ற பயத்தில் சுற்றிலும் கல் அடுக்கினேன். கண்ணில் படட்டும் என்று மனைவியின் பழைய மஞ்சள் புடவையைக் கிழித்துச் செடியில் கட்டினேன். கிரிவலப் பாதையில் கல்லையும் மஞ்சள் துணியையும் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் என்று இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். நானும் இங்கேதான் பிறந்தேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் செடியைச் சுற்றிக் கும்பல். தண்டில் குங்குமம், கல்மேல் எலுமிச்சம்பழம். நடுவில், கீழ்பென்னாத்தூரிலிருந்து கிரிவலம் வந்திருந்த என் மாமியார் வேருக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அத்த! இது சாமி இல்ல, செடி!" என்று கத்தினேன்.

"மெதுவா பேசுங்க மாப்பிள. சக்தி ஜாஸ்தின்றாங்க. இப்பதான் ஒரு இலைய கிள்ளுனாங்க, பாலா வடியுது!"

"வெப்பாலைல பால் வடியாம மோரா வடியும்?"

கும்பல் என்னை முறைத்தது. கற்பூரச் சூட்டில் அடி இலை சுருங்குவதைப் பார்த்ததும் பதறிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த இளநீரைப் பிடுங்கி நெருப்பின்மேல் ஊற்றினேன்.

"அபிஷேகம்!" என்றது ஒரு குரல். அவ்வளவுதான். ஒருவர் பால் பாக்கெட்டைப் பிரித்தார், இன்னொருவர் பன்னீர் பாட்டிலைத் திறந்தார். ஒரு அம்மா என் முன்னால் கையை நீட்டி, "விபூதி குடுங்க சாமி" என்றார். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் பெருமையும் சந்தேகமும் சரிபாதி இருந்தன.

வேறு வழி தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க கற்பூரம், பாலெல்லாம் ஆவாதுங்க. இலைய கிள்ளக்கூடாது. தண்ணி மட்டும்தான்" என்றேன். செடி என்று சொன்னபோது முறைத்தவர்கள் இப்போது பயபக்தியோடு தலையாட்டினார்கள். எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

வெப்பாலை இன்று என்னைவிட உயரம். கோடையிலும் வாடியதில்லை. ஆடு நெருங்கினால் விரட்ட ஊரே இருக்கிறது. புதிதாக நட்ட கன்றுகளுக்கும் துணி கட்டச் சொல்லிக் குழுவினர் கேட்கிறார்கள். (மனைவி பீரோவைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருக்கிறாள்.) வீட்டில் என் பெயர் பூசாரி.

மாமியாரிடம் அன்றைக்கே உண்மையை எல்லாம் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தண்ணீர் பாட்டிலோடு பஸ் ஏறி வந்து, வேரில் ஊற்றிவிட்டு, கொஞ்சம்கூடச் சிரிக்காமல் என்னிடம் கையை நீட்டுகிறார். நானும் இப்போதெல்லாம் சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம் வைத்திருக்கிறேன்.