மந்திரி இங்கிலீஷில் பேசிய அன்று

சுருக்கெழுத்தரின் நோட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'மதிப்பிற்குரிய சபைத் தலைவர் அவர்களே!' அதுவும் மந்திரி வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டது. அதற்குக் கீழே பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

சபையில் யார் எந்த வேகத்தில் பேசினாலும் கோடும் வளைவுமாகப் பிடித்துவிடுகிற மனிதர் அவர். இரண்டு உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டு திட்டினாலும், வசவுகளைப் பிரித்து அவரவர் பெயரில் சேர்த்துவிடுவார். ஆனால் இன்று பொதுப்பணி மந்திரி இங்கிலீஷில் பேசிவிட்டார்.

மந்திரிக்கும் இங்கிலீஷுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஒரு இரங்கல் கூட்டத்தில் மேடையேறி, இறந்தவரின் படத்தைப் பார்த்து, குரல் தழுதழுக்க, "மெனி மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ்" என்றவர். இறந்தவரின் மனைவியே ஒரு கணம் பயந்துபோய் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அதைச் சொல்லிக் காட்டித்தான் எதிர்க்கட்சித் தலைவர் நேற்று சவால் விட்டிருந்தார்: "பாலம் பத்தின கேள்விக்கு நாளைக்கு இங்கிலீஷ்லயே பதில் சொல்லட்டும், பார்ப்போம்!"

இன்று காலை சபையில் மந்திரி எழுந்து நின்றார். பேசினார். சுருக்கெழுத்தருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தார். எல்லா முகங்களிலும் எல்லாம் புரிந்த களை. முன்வரிசை தலையாட்டியது. முன்வரிசை ஆட்டியதைப் பார்த்துப் பின்வரிசையும் ஆட்டியது. மந்திரி மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சிக்கல் என்னவென்றால், சுருக்கெழுத்தரின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வாரம்தான் உத்தரவு வரவேண்டும். வேலைக்கு மனுப் போட்டபோது, 'இங்கிலீஷ் தெரியுமா?' என்ற கேள்விக்கு 'சரளமாக' என்று எழுதியிருந்தார். வெள்ளைப் பக்கத்தை மேலே அனுப்பினால் அந்தச் சரளம் சந்தி சிரிக்கும். வேலையும் போகும்.

ஒலிப்பதிவு அறைக்கு ஓடினார். "கொஞ்சம் மறுபடி போடுங்களேன்."

போட்டார்கள். புரியவில்லை. வேகத்தைக் குறைத்துப் போட்டார்கள். தொழுவத்தில் மாடு கன்றைத் தேடுவதுபோல் இருந்தது.

"வெளிநாட்டு உச்சரிப்பு சார்," என்றார் ஒலிப்பதிவாளர் பெருமையாக. "போன மாசம் டூர் போயிட்டு வந்தாருல்ல? பிடிச்சுட்டு வந்துட்டார்."

அடுத்து துறைச் செயலாளரின் அறை.

"ஏன், உங்களுக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது சார். சும்மா சரிபார்த்துக்கலாமேன்னு..."

செயலாளர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பாலத்தை அகலப்படுத்தப் போறோம்னார்."

"எவ்வளவு சார்?"

"ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாரே, பார்க்கலை? அவ்வளவு."

எழுதிக்கொண்டு வெளியே வந்தால், தாழ்வாரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் வழிமறித்தார். "யோவ், என்னைத் திட்டினதை ஒரு எழுத்து விடாம எழுதணும். சும்மா விடமாட்டேன் நான்!"

"என்னன்னு திட்டினார் ஐயா?"

"சபையில சொல்லக்கூடிய வார்த்தையா அது?"

"இல்லீங்க, நான் எழுதணுமே..."

"எழுதக்கூடிய வார்த்தையா அது?"

சுருக்கெழுத்தருக்குத் தலை சுற்றியது. தேநீர் குடித்தால் தெளியும் என்று சிற்றுண்டிக் கூடத்துக்குப் போனார். அங்கே ஒரு பத்திரிகை நிருபர் அவரைக் கண்டதும் தோளில் கைபோட்டார்.

"சூசகமா ராஜினாமாவைச் சொல்லிட்டார் பார்த்தீங்களா? கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சே!"

"ராஜினாமாவா? நிச்சயமாவா?"

"நான் செய்தியே அனுப்பிட்டேன். இனிமே நிச்சயம்தான்."

சுவரில் இருந்த டிவியில் அது ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி விளக்கினார்: "மந்திரி பேசினது ரொம்பப் பழைய இங்கிலீஷ். இப்ப அந்த நாட்டிலேயே யாரும் பேசறதில்லை."

சட்டைப்பையில் போன் அலறியது. மனைவி.

"என்னங்க, மந்திரி ராஜினாமாவாமே? நீங்கதானே எழுதினீங்க, என்னதான் சொன்னார்?"

"அதுதாண்டி தெரியலை. செயலாளர் பாலம்கிறார். எதிர்க்கட்சிக்காரர் வசவுங்கிறார். நிருபர் ராஜினாமாங்கிறார்."

"அப்ப மூணையும் சேர்த்து எழுதிடுங்க. யாருக்கும் மனஸ்தாபம் வராது."

"உண்மைன்னு ஒண்ணு இருக்கேடி?"

"சரளம்னு எழுதினப்போ அது எங்கே போயிருந்துச்சு? இங்க பாருங்க, உங்களுக்கு பர்மனென்ட் ஆயிடுச்சுன்னு எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன். என் மானத்தை வாங்கிடாதீங்க."

உண்மையைவிட மனைவியின் அக்கா பெரிது. சுருக்கெழுத்தர் உட்கார்ந்து தட்டினார்: பாலம் அகலமாகும், எதிர்க்கட்சித் தலைவர் எழுதத்தகாத ஒருவர், இத்துடன் என் பதவியைத் துறக்கிறேன்.

மேலதிகாரி படித்துப் பார்த்து மேசையைத் தட்டினார். "பிரமாதம்! நான் கேட்டது அப்படியே இருக்கு. மந்திரிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. உங்க ஆர்டரை இன்னைக்கே போட்டுடறேன்."

மந்திரியின் அறை வாசலில் தொண்டர்கள் விசும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்த இரண்டு உறுப்பினர்கள், நாற்காலி தங்களுக்குச் சரிப்படுமா என்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மந்திரி அங்கே இல்லை. பின்வாசல் வழியாகப் போய் காரில் ஏறிவிட்டாராம்.

சுருக்கெழுத்தர் ஓடினார். நல்லவேளை, கார் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினார்.

மந்திரி படித்தார். முதல் வரியில் புருவம் ஏறியது. இரண்டாவது வரியில் தலையில் கை போனது. மூன்றாவதில் கண்கள் வெளியே வந்து விழுந்துவிடும்போல் ஆகிவிட்டன.

"வ்வாஃப்... ஃபோவ்வ்... வ்வ்வா!" என்று கத்தினார்.

மறுபடியும் இங்கிலீஷ்! சுருக்கெழுத்தர் இத்தனை நேரம் கட்டிக் காத்த சரளம் அந்த இடத்திலேயே உடைந்தது.

"ஐயா, மன்னிச்சிடுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. பொய் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நீங்க பேசினது ஒரு சொல்லுகூட எனக்குப் புரியலை. ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து எழுதிட்டேன். வேலை போனாலும் பரவாயில்லை. பெரிய மனசு பண்ணி, நீங்க சொன்னதைத் தமிழ்ல ஒரே ஒரு தடவை சொல்லுங்க ஐயா, எழுத்துப் பிசகாம எழுதிடறேன்."

மந்திரி அவரையே பார்த்தார். பிறகு சீட்டில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

முன்சீட்டிலிருந்து டிரைவர் திரும்பினார்.

"அண்ணே, காலையிலேருந்து அவரு தமிழ்லதாண்ணே கத்திக்கிட்டிருக்காரு, 'ஊசி போட்டுக் கடைவாய்ப் பல்லைப் புடுங்கியிருக்கு, நாக்கு மரத்துப்போச்சு, பேச முடியலை, உக்காரட்டுமா'ன்னு; நீங்கதான் ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டித் தட்டி உக்காரவே விடலையாமே!"