சக்கர நாற்காலியில ஒரு மாப்பிள்ளை

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே வேலை. புதுச்சத்திரத்துல எங்க சேவை சங்கம் குப்புசாமி அண்ணனுக்கு சக்கர நாற்காலி குடுக்குது. அதை பேப்பர்ல வர வைக்கணும். சங்கத்தோட விளம்பரச் செயலாளர் அடியேன்தான்.

தலைவர் ஏற்கெனவே கடுப்புல இருந்தாரு. "நாம செய்யறது இந்த ஊரைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியறதில்லீங்க தம்பி. என்னத்த விளம்பரம் பண்றீங்க?"

ரோஷம் வந்துருச்சு! நிருபரை கையோட கூட்டிட்டு வந்துட்டேன்.

தலைவர் ரெடி. மாலை ரெடி. நாற்காலியை விடப் பெரிய பேனரும் ரெடி. குப்புசாமி அண்ணனை மட்டும் காணோம். அவர் வந்த ஆட்டோ பஞ்சராம்.

நிருபர் வாட்ச்சைப் பாத்தாரு. "ராசிபுரத்துல இன்னொரு விழா இருக்குதுங்க. நான் கெளம்பறேன்."

"அட, இருங்க சாமி!" தலைவர் பதறிட்டு என் பக்கம் திரும்பினாரு. "தம்பி, நீங்க சும்மா உக்காருங்க. மூஞ்சி தெரியாது."

உக்காந்தேன்.

"கொஞ்சம் சோகமா இருங்க"ன்னாரு நிருபர். இருந்தேன். எனக்கே கண்ணு கலங்கிருச்சு, அப்படி ஒரு நடிப்பு!

நிருபர் படம் எடுத்துட்டு வண்டியேறவும், குப்புசாமி அண்ணனே வந்துட்டாரு. "தம்பி, போட்டோ முடிஞ்சுதுன்னா எந்திரிக்கிறீங்களா? நான் ஊட்டுக்குப் போவோணும்."

மறுநாள் பேப்பர்ல தலைவர் மூஞ்சியை மாலை மறைச்சிருச்சு. என் மூஞ்சி பளிச்சுனு வந்திருந்துச்சு. கீழ 'பயனாளி'ன்னு போட்டிருந்தாங்க.

முதல் போன் அத்தை. "சாமி, எப்படா ஆச்சு?"ன்னு ஒரே அழுகை.

அடுத்ததுதான் இடி. திருச்செங்கோட்டுல இருந்து எனக்குப் பாத்திருக்கற பொண்ணோட அப்பா! எத்தனையோ ஜாதகம் தட்டிப் போயி, ஊர்ல பாதிப் பேர் அனுதாபப்பட்ட பிறகு அமைஞ்ச எடம்ங்க அது.

"ஏனுங்க மாப்ள, காலுக்கு முடியாதுன்னு சொல்லவே இல்லீங்களே?"

"ஐயோ மாமா, அது விளம்பரத்துக்கு உக்காந்ததுங்க!"

"விளம்பரத்துக்கு யாராச்சும் அதுல உக்காருவாங்களா? நேர்ல வாங்க, பாத்துக்கலாம்."

போனேன். வாசல்ல மொத்த சொந்தமும் நிக்குது.

"அந்த வேப்பமரம் வரைக்கும் நடந்துட்டு வாங்க மாப்ள."

நடந்தேன். சந்தையில மாடு பாக்கற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு என் காலைப் பாத்தாங்க.

ஜன்னல்ல இருந்து பொண்ணோட குரல்: "அப்பா, இன்னொருக்கா நடக்கச் சொல்லுங்க!" சிரிப்பை அடக்கிட்டுதான் சொல்லுது!

இன்னொருக்காவும் நடந்தேன்.

மாமா மீசையைத் தடவிட்டு, "செரி, நிச்சயத்தை வெச்சுக்கலாங்க"ன்னாரு. அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு.

வெளிய வந்ததும் முதல் வேலையா தலைவருக்கு போன் போட்டேன்.

"தலைவரே, நம்ம விளம்பரம் திருச்செங்கோடு வரைக்கும் போயிருக்குதுங்க."