ஜவ்வு டாக்டர்

“இன்னிக்கும் போகணுமா?” என்றார் தையல்காரர், வாயில் குண்டூசியோடு.

“போகாம? ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் கம்மி, ஆற நாளாகும்னு டாக்டர் சொன்னாரே!” மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டாக்டர் சொன்னார், டாக்டர் சொன்னார்! துணி மூட்டையைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று தினம் நாலு மணிக்கு பிசியோதெரபிக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. வாடிப்போய்ப் போகிறவள், வரும்போது பளிச்சென்று வருகிறாள். ஊரார் இடுப்பையெல்லாம் நாடா வைத்து அளந்த மனிதருக்கு, தன் மனைவியின் இடுப்பை எவனோ பார்க்கிறான் என்றதும் வயிறு எரிந்தது.

மறுநாள் காலை, இல்லாத வலியோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போனார். இன்னாருடைய வீட்டுக்காரர் என்றும் சொல்லிக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயது, வாட்டசாட்டமான ஆள். அதுவே இவருக்குப் பாதி உயிரை எடுத்தது.

“எலும்போட எலும்பைக் கட்டி வச்சிருக்கறது ஜவ்வுங்க. முதுகெலும்புக்குப் பின்னாடி இருக்கறது, ரொம்பக் குனியவிடாம பிடிக்கும். முன்னாடி இருக்கறது, ரொம்பப் பின்னாடி சாயவிடாது. கீழ் முதுகெலும்பை இடுப்பெலும்போட கட்ட தனியா ஒண்ணு இருக்கு. எங்க, குனியுங்க பார்ப்போம்.”

தையல்காரர் முழங்கால்வரை குனிந்து, “ஐயோ அம்மா!” என்றார். நடிப்பு நன்றாகவே வந்தது.

“பரவாயில்லை. உங்க வீட்டம்மா அழகா கணுக்காலைத் தொடுவாங்க.”

அழகாவாமே! வலிக்காக வந்திருப்பதையே மறந்துவிட்டார்.

“நான் தரையையே தொடுவேன், பாருங்க!” தொட்டார். அது போதாதென்று குனிந்த வாக்கிலேயே திரும்பி, மூலையில் கிடந்த, உடற்பயிற்சிக்கான கனமான எடைப் பந்தை வெடுக்கென்று தூக்கினார்.

கடக்.

நிமிர முடியவில்லை. வீம்புக்கு நிமிரப் பார்த்ததில் வலி இரண்டு மடங்காயிற்று. டாக்டரும் வரவேற்புப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள்.

“பின்பக்க ஜவ்வு நல்லாவே சுளுக்கிடுச்சு. ஒரு மாசம் தினம் நாலு மணிக்கு வந்துடுங்க. குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. வீட்டுல எல்லாத்தையும் வீட்டம்மா பார்த்துக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

உயிர் போகிற வலியிலும் தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை. “ஏம்மா, என் சம்சாரத்துக்கு டாக்டர் அப்படி என்னதான் வைத்தியம் பண்றார்?”

வரவேற்புப் பெண் போர்வையை இழுத்துவிட்டாள். “அக்காவுக்கு முதல் வாரமே சரியாயிடுச்சு சார். வீட்டுல ஒரு நிமிஷம் படுக்க முடியலைன்னு தினம் இந்தக் கட்டிலுக்கு வந்து ஒரு மணி நேரம் தூங்கிட்டுப் போறாங்க. பாவம், இனிமே எங்க போய்த் தூங்குவாங்களோ!”