கறண்டை ருசி பார்த்த வயர்க் காக்கா

எனக்கு வயசு எண்பத்தேழு. பெத்து வளர்த்தது ஏழு பேர். ஒருத்தரும் சோடை போகல்ல. அந்தப் பெருமையோடதான் சொல்றன்: மட்டக்களப்பு வாவியின் ரெண்டு கரையிலயும் கறண்டை ருசி பார்த்துச் சொல்ல ஒரே ஒரு மனிசர்தான் இருந்தார். காத்தான்குடி வயர்க் காக்கா. காக்காண்டா அந்த ஊர் முஸ்லிம் ஆக்களுக்கு அண்ணன்.

சொந்தப் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. லொறிக்குப் பின்னால கொழுவுற ட்ரெயிலரில லைற் எரியாட்டி அவருக்குத்தான் ஆளனுப்புவாங்க. அவர்ர ஆயுதம் ஒரு டோர்ச் பல்பு, ரெண்டு துண்டு வயர், ஒரு நாக்கு. பல்பு சரிவராட்டி வயர் நுனியை நாக்கில வைப்பார். முகம் கோணினா கறண்டு வருது. கோணாட்டி அறுந்து கிடக்கு. கூலி ஒரு தேத்தண்ணி.

"கறியில உப்பு இல்லாட்டியும் இவருக்குத் தெரியாது. கறண்டு இல்லாட்டி மட்டும் தெரியும்" எண்டு பெண்சாதி ஏசுவா.

பிறேக் லைற் பார்க்க ஒராள் பிறேக்கை மிதிக்க வேணும். ரோட்டில போறவங்களைப் பிடிச்சு ஏத்திருவார். ஒருக்கா கலியாண மாப்பிள்ளை ஒருத்தர் ஏறியிருந்து மிதிச்சார். பொம்பிளை வீட்டார் ஊரெல்லாம் தேடித் திரிஞ்சாங்க.

அது ரெண்டாம் உலக யுத்தக் காலம். என்ர மனிசன் பட்டாளத்துச் சாமான் ஏத்துற லொறி ஓடினார். மூத்தவனுக்கு எனக்கு வலி வந்த அண்டைக்கு வேற வாகனமில்ல. ஆரையம்பதியில இருந்து அந்த லொறியிலயே ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்டம். கல்லடிப் பாலத்தடியில காவலாள் மறிச்சான்.

"பின்னால ஒரு லைற்றும் எரியல்ல, பிறேக் லைற்றும் இல்ல. பாலத்தில ஏறப்படாது."

ட்ரெயிலரைக் கழட்டிப்போட்டுப் போகவும் ஏலாது. சாமான் காணாமல் போனா மனிசனைப் பிடிச்சு மறியலில அடைச்சிருவாங்க. நல்ல காலம், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில காக்கா இருந்தார். ஓடிவந்து மனிசனைப் பின்னால லைற் பார்க்க விட்டார். முன்னால மிச்சமிருந்தது நான்.

"மிதிங்க தங்கச்சி!"

"காக்கா, எனக்கு வலி எடுக்குது!"

"எடுக்கட்டும். நீங்க காலை எடுத்திராதிங்க!"

"உங்கட பெண்சாதியைக் கொண்டுவந்து மிதிக்க வையுங்க!"

"அவட பாரம் போதாது புள்ள!"

"எரியல்ல!" எண்டு மனிசன் பின்னால நிண்டு கத்துறார். காக்கா லொறிக்குக் கீழ கிடந்து வயர் வயரா நக்குறார். எனக்குக் கண் இருட்டுது.

"வயர் நல்லம்" எண்டு எழும்பினார். "வயரால போற கறண்டு இரும்பு வழியாத்தான் திரும்பி வரும். ட்ரெயிலரைக் கொழுவுற கொழுக்கி துருப்பிடிச்சுக் கிடக்கு."

ரெண்டு பக்க இரும்பையும் கத்தியால சுரண்டி, ஒரு வயர்த் துண்டை அமத்திப் பிடிச்சார். லைற் பத்திச்சு. கையை எடுத்தார், அணைஞ்சிற்று. கட்டினாலும் நிக்கல்ல. நான் போட்ட சத்தத்தில காக்கா யோசிக்கவேயில்ல. லொறிக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில, இழுவைக் கம்பியில குந்தினார்.

"எடுங்க வண்டியை!"

ரெண்டு கையும் வயரில. தவறி விழுந்தா ட்ரெயிலர்ச் சில்லுக்குக் கீழதான்.

காவலாள் குனிஞ்சு பார்த்தான். "இதார், இதுக்குள்ள?"

"அவரும் வயரிங்தான், ஐயா!" எண்டார் மனிசன்.

அவன் சிரிச்சுக்கொண்டு விட்டான். பாலம் முழுக்கப் பின்னால காக்கா குர்ஆன் ஓதுற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அது நிண்டிரக்கூடாதெண்டு வலியையும் மறந்து நான் காதைக் குடுத்துக்கொண்டிருந்தன்.

பிள்ளை பிறந்தபிறகுதான் மனிசனுக்கு லொறி ஞாபகம் வந்தது. ஆசுப்பத்திரி முற்றத்துக்கு ஓடினார். சிவப்பு லைற் இன்னும் எரியுது.

"என்ன பிள்ளை?" எண்டு கேட்டாராம் காக்கா.

"ஆம்பிளைப் பிள்ளை."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் கையை எடுக்கட்டா?"

விரல் விறைச்சுக் கோப்பை பிடிக்க ஏலாம, மனிசன்தான் தேத்தண்ணி பருக்கினாராம். எனக்குக் கூடப்பிறந்த ஆம்பிளை இல்லையெண்டு அண்டையிலிருந்து நான் ஒருத்தருக்கும் சொல்றதில்ல.

இந்தா மனே, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. காக்கா பேசுற இடத்தைக் கொஞ்சம் ஆறுதலா, மெதுவா வாசி.