ஏழு முறை கொடுத்த மனு

உண்மை முதல் தடவையிலேயே சரியாக வந்துவிடும் என்று நம்புவது பாமரத்தனம். இந்தப் பேருண்மையை ஜப்பான் தேசத்துக்கு அருளியவர் ஆவணப்பட மேதை மொதேகி அவர்கள்.

வானொலித் தயாரிப்பாளராக இருந்தபோதே அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. ஒருமுறை நிஜக் கடலுக்கே போய் அலைச்சத்தம் பதிந்துவந்து ஒலிபரப்பினார். "யாரோ குளிக்கிற சத்தம் கேக்குது" என்று நேயர்கள் கடிதம் போட்டார்கள். மறுவாரம் மூங்கில் தட்டில் சிவப்புப் பயறைக் கொட்டி இப்படியும் அப்படியும் சாய்த்தார். "ஆகா, கடல்னா இதுல்ல கடல்!" என்று பாராட்டு குவிந்தது, பதக்கமும் வந்தது. அன்றுமுதல் அவர் இயற்கையை நம்புவதில்லை.

பிறகு படமெடுக்க வந்தார். சிப்பி வளர்க்கும் ஒரு குட்டி விரிகுடாவை மண் கொட்டி மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு கேமராவோடு ஓடோடி வந்தார். ஆட்சேப மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குள் நகராட்சி முத்திரை விழுந்தால் வேலை நிற்கும். விழாவிட்டால் கடல் போச்சு. மீனவர் சங்கத் தலைவர் உசுகி, இருநூறு குடும்பங்கள் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையைப் பதித்த மனுவோடு நாலரைக்கே போய் நின்றார். குனிந்து நீட்டினார். குமாஸ்தா அம்மாளும் குனிந்து வாங்கினார்.

"நிறுத்துங்க!" என்றார் மொதேகி. "தலைவரே, குனிஞ்சீங்க, சரி. அதுல வேதனை இல்லையே! இன்னொரு தடவை."

பதக்கம் வாங்கிய பெரியவர் சொல்லும்போது மறுப்பது மரியாதையா? குமாஸ்தா முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, மனுவை இரு கைகளாலும் பணிவோடு திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாம் தடவை ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. மூன்றாம் தடவை குமாஸ்தா தலைவரைவிட அதிகமாகக் குனிந்துவிட்டார்.

"அரசாங்கம் இவ்வளவு குனியலாமாம்மா? யாராவது நம்புவாங்களா?"

உசுகியின் மனைவி தோமியே அவர் காதைக் கடித்தாள். "ஏங்க, முதல்ல முத்திரையக் குத்தச் சொல்லுங்க. அப்புறம் விடிய விடியக் குனிங்க."

"சும்மா இரு. நமக்காக இவ்வளவு தூரம் வந்திருக்காரு. மூஞ்சில அடிச்சமாதிரி எப்படிச் சொல்றது?"

ஏழாம் தடவை எல்லாம் பொருந்தி வந்தது. உசுகியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அந்தக் கணத்தில் ஊர் ஒலிபெருக்கி, தினமும் ஐந்து மணி ஆனதும் போடுகிற பாட்டைப் பாடியது. குமாஸ்தா ஆழமாகக் குனிந்தார்.

"மன்னிக்கணும். நேரம் முடிஞ்சுபோச்சு."

"அடிப்பாவி! ஆறு தடவை கையில வாங்கினியே!" என்று கத்தினாள் தோமியே.

"அது படத்துக்குங்க."

மொதேகிக்கு மெய்சிலிர்த்தது. அதிகார வர்க்கத்தின் கல்நெஞ்சு ஒரே தடவையில் பதிவாகியிருந்தது.

விரிகுடா இருந்த இடத்தில் லாரிகள் நிற்கத் தொடங்கிய வருடம், படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரு கடலின் கடைசி நிமிஷத்தில் கேமரா எப்படித்தான் அங்கே இருந்ததோ என்று நடுவர்கள் வியந்தார்கள். இரண்டு வார்த்தை பேசும்படி உசுகியை மேடைக்கு அழைத்தார்கள். அவர் சபையைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்தார்.

"படத்துல இருக்கறது அத்தனையும் நிஜங்க. எங்க கடலைக் கொன்னவரு மட்டும் அதுல இல்ல. அவரு கேமராவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தாரு."