ஒண்ணுமில்லீங்க

எனக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே வரும். யார் முன்னால் வர வேண்டுமோ அவர் முன்னால் மட்டும் வராது.

ஏற்காட்டில் ஒரு பூங்காவில் தோட்ட வேலை பார்க்கிறேன். எங்கேயோ கரையைக் கடந்த புயல், கடலே இல்லாத எங்கள் மலைக்கு ஏறி வந்து மழையாகக் கொட்டியது. சிறுவர் விளையாடும் பக்கத்தில் தடுப்புச்சுவர் மண்ணோடு சரிந்து, ஊஞ்சல் பள்ளத்தில் போய் விழுந்தது. அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த செல்லம்மாளக்காவிடம், சுவர் கட்டியதும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாதங்கள் போயின. வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் டேப் பிடித்து அளந்தார். அவர் அளந்தது சரிதானா என்று இன்னொருவர் வந்து அளந்தார். ஒரு செங்கல்கூட வரவில்லை. (அதற்குள் ஊஞ்சலில் கொடி படர்ந்து பூவே விட்டுவிட்டது.) எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றார்கள். உடனே சரிவு தெரியாதபடி பூந்தொட்டி அடுக்கச் சொன்னார் சூப்பர்வைசர். மறைப்பதற்குக் காட்டிய வேகத்தில் பாதியைக் கட்டுவதில் காட்டியிருந்தால் சுவர் எப்போதோ எழும்பியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினேன். அந்த ஆள் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று செல்லம்மாளக்காவிடம் சவால் விட்டேன். வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. கணவரை நாற்காலியில் உட்காரவைத்து அதிகாரியாக்கித் திட்டினேன். (அவரைத் திட்டுவதில் எனக்கு என்றுமே தடங்கல் வந்ததில்லை.)

அந்த நாளும் வந்தது. வெள்ளக்கடையிலிருந்து பஸ் பிடித்து வந்து என் பக்கத்தில் நின்றார் செல்லம்மாளக்கா. அதிகாரி தொட்டிகளைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஏதாவது குறை இருக்காம்மா?"

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் குறை கேட்டால், வீடு பற்றி எரிந்தாலும் ஒரே பதில்தான். பிறந்ததிலிருந்து பழகிய வாய், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் நல்லாருக்குதுங்க."

கூட வந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கார் குப்பனூர் ரோட்டில் இறங்கிப் போன பிறகுதான் கோபம் வந்தது. ஒரு தொட்டியை எட்டி உதைத்தேன். விரல் வீங்கிவிட்டது. என்ன ஆச்சு என்று சூப்பர்வைசர் கேட்டார். ஒண்ணுமில்லீங்க என்றேன்.

"ஏங்கண்ணு, ஒரு வாரமா இதத்தான் பழகுனியா?" என்றார் செல்லம்மாளக்கா.

குறை எதுவும் இல்லை என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். சுவர் இன்றுவரை வரவில்லை. குழம்பில் உப்பு சரியா என்று வீட்டில் கேட்டால், கணவரும் மகளும் எழுந்து நின்று கைகட்டி, "ஒண்ணுமில்லீங்க" என்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன வாரம் பஸ்ஸில் செல்லம்மாளக்காவைப் பார்த்தேன். இப்போது கொட்டச்சேட்டில் காப்பிப்பழம் பறிக்கப் போகிறார். கையெல்லாம் கீறல். வேலை ரொம்பக் கஷ்டமா அக்கா என்று கேட்டேன். இத்தனை வருஷமாக என்னைக் கண்ணு என்றே கூப்பிட்டவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணுமில்லீங்க."